பன்னிரண்டு வால்வுகளும் ஒரு மஞ்சள் பெண்ணும்

எனக்குக் கவிதை எழுத வரும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பதுபோலச் சொல்கிறேன். சிலருக்குத் தும்மல் வரும், சிலருக்குக் கோபம் வரும், எனக்குக் கவிதை வரும். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மின்கட்டண ரசீதின் ஓரம், ஆபீஸ் கோப்பின் உள்ளட்டை என்று அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அங்கேயே விட்டிருந்தால் ஒருவருக்கும் சேதமில்லை. நான் அதைக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயில் மாட்டினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. புனேவில், கட்கியில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் சொசைட்டி, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு. தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளம், தளத்துக்கு மூன்று வீடு. எல்லாரும் மராட்டிக்காரர்கள், நாங்கள் மட்டும் திருநெல்வேலி. எனக்கு ராணுவக் கணக்கு ஆபீஸில் குமாஸ்தா வேலை. என் மனைவி செல்விக்கு வீட்டைக் கவனிப்பதும் என்னைக் கண்காணிப்பதும் வேலை.

அந்த வருடம் மழை புனேவை விட்டுப் போக மனமில்லாமல் நின்றது. தீபாவளிக்குக் கிளம்புகிறேன் என்றது, கிளம்பவில்லை. டிசம்பர் குளிரில் திரும்பி வந்தது. ஜனவரியில், ஸ்வெட்டர் போட்ட ஊரின்மேல் இரண்டு முறை கொட்டியது. மொட்டை மாடியில் கால் வைத்தால் பாசி வழுக்கும். பெரிய தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் பன்னிரண்டு இரும்புக் குழாய்களும் துருப்பிடித்து, சாயங்கால வெயிலில் பழுத்த கொய்யாவின் நிறத்தில் நிற்கும். வீட்டுக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு வால்வு, வால்வுக்குத் தலையில் ஒரு சின்னச் சக்கரம். அவற்றை நான் வயதான பன்னிரண்டு பூக்கள் என்று எங்கோ எழுதியும் இருக்கிறேன். (ரசீதின் பின்னால்தான்.)

குளிர் முடிந்ததும் பிப்ரவரியில் பிளம்பர் பாண்டு வருவார். தொட்டியைக் கழுவுவார், வால்வுகளுக்குக் கிரீஸ் வைப்பார், ஒழுகும் மூட்டுகளில் சணல் நார் சுற்றுவார். எந்தக் குழாய் யார் வீட்டுக்குப் போகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். குழாயில் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவார். வால்வுகளில் எந்த அடையாளமும் கிடையாது.

அடையாளம் வேண்டும் என்று சொன்னவர் எங்கள் சேர்மன் ஜகதாப், ஓய்வுபெற்ற சுபேதார். ஆனால் அதில் ஒரு சிக்கல். முந்தின கோடையில், விடியற்காலையில் சங்கீத சாதகம் செய்யும் கேல்கர் அம்மாள் வீட்டு வால்வை யாரோ தேடிக் கண்டுபிடித்து மூடிவிட்டார்கள். (நான் இல்லை. நினைத்தேன், செய்யவில்லை.) வீட்டு எண்ணை எழுதிவைத்தால் இந்த வேலை இன்னும் சுலபமாகிவிடும்.

"குறியும் வேணும், மத்தவன் படிக்கவும் கூடாது," என்று கூட்டத்தில் இந்தியில் முழங்கிய ஜகதாப், என் பக்கம் திரும்பினார். "உங்க பாஷை இங்க யாருக்காவது புரியுமா?"

"ஒருத்தருக்கும் புரியாது," என்றேன், ஏதோ பதக்கம் வாங்கியவன்போல.

கட்கி பஜாரில் பத்து நிமிடம் நின்றால் நாலு தமிழ்ச் சண்டை காதில் விழும். வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக அங்கே இருக்கின்றன. அந்த நிமிடம் அது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது வேறொன்று. வீடுகள் பன்னிரண்டு, தமிழில் உயிரெழுத்தும் பன்னிரண்டு! அ முதல் ஔ வரை. என்ன பொருத்தம், என்ன பொருத்தம் என்று இரவெல்லாம் புரண்டேன்.

"ஏங்க, எந்த எழுத்து எந்த வீடுன்னு ஒரு தாள்ல வரிசையா எழுதி வச்சா முடிஞ்சு போச்சே," என்றாள் செல்வி.

"அது பட்டியல். நான் எழுதப் போறது கவிதை."

"குழாய்க்கா?"

ஆமாம், குழாய்க்குத்தான். பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரியும் ஓர் உயிரெழுத்தில் தொடங்கி, அந்த வீட்டை அடையாளம் சொல்லும். பெயரும் எண்ணும் கவிதைக்கு அழகில்லை என்று விட்டுவிட்டேன். யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் அடையாளங்களைக் கொஞ்சம் தாராளமாகவே சொன்னேன். பாண்டுவைக் கூட்டிக்கொண்டுபோய் எந்தக் குழாய் யாருடையது என்று கேட்டுக்கொண்டு, சிவப்புப் பெயிண்டில் சக்கரங்களின் மேல் எழுத்துகளை எழுதினேன். அந்த மாலையில் பன்னிரண்டு பூக்களும் தமிழ் பேசின. கண் கலங்கிவிட்டது. (பெயிண்ட் வாடையாகவும் இருக்கலாம்.)

ஒரு தவறு செய்தேன். அந்தக் கவிதையை நான் மூன்று படிகள் எழுதித் திருத்தினேன். முதல் படியில் உ என்றிருந்த வீடு இரண்டாம் படியில் இ ஆனது, மூன்றாம் படியில் வேறொன்றானது. மூன்றாம் படிதான் வால்வுகளில் ஏறியது. என் மண்டையிலோ மூன்று படிகளும் ஒன்றாகக் குடியிருந்தன.

மூன்றாம் மாடியில் எங்களுக்கு எதிர்வீடு லிமயே காகாவுடையது. (மராட்டியில் மூத்தவர்களெல்லாம் காகா, காகி; நம்மூர் மாமா, மாமி மாதிரி.) தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கூடத்தில் பித்தளைச் சங்கிலி போட்ட பலகை ஊஞ்சல் ஒன்று. காகா அதில் உட்கார்ந்து ஆடியபடியே உலகத்துக்கு யோசனை சொல்வார். ஊஞ்சல் 'கிறீச், கிறீச்' என்று ஆமோதிக்கும். அவருடைய ஒரே மகள் அஸ்வினி. மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்குகிறவள். அவளுக்குத்தான் அந்தப் பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மண்டபம் புனே கேம்ப் பகுதியில், முகூர்த்தம் பன்னிரண்டு மணிக்கு.

பாண்டு ஊருக்குப் போய்விட்டார். அதனாலென்ன, கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பாசித் தண்ணீரிலா குளிப்பது என்று சனிக்கிழமை நானே களத்தில் இறங்கினேன். வால்வுகளை எல்லாம் மூடினேன். மேல்தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவினேன். கை பரபரப்பில், நகராட்சித் தண்ணீர் வந்து நிறையும், கேட்பாரில்லாமல் கிடந்த கீழ்த்தொட்டியையும் காலி செய்து கழுவினேன். இரண்டையும் ஒரே நாளில் காலி செய்தவன் அந்தச் சொசைட்டியின் வரலாற்றில் நான் ஒருவன்தான். லிமயே காகா மாடிக்கு வந்து என் தோளைத் தட்டினார். "நீங்க இருக்கும்போது எனக்கு என்ன கவலை?"

அன்றிரவு நகராட்சித் தண்ணீர் நூல்போல வந்தது. வந்ததையெல்லாம் பம்ப் மேலே ஏற்றியும், ஞாயிறு காலை மேல்தொட்டியில் முழங்கால் அளவுதான். இனி மாலையில்தான் வரும். பன்னிரண்டு வால்வையும் திறந்தால் கீழ்வீடுகள் உறிஞ்சிவிடும், மூன்றாம் மாடிக்குக் காற்றுதான் கிடைக்கும். அதனால் என் திட்டம் எளிமையானது. கல்யாண வீட்டு வால்வை மட்டும் திறப்பேன். அவர்கள் குளித்து முடித்தபின் மற்றவை.

ஏழரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். மராட்டியர் வழக்கப்படி மாப்பிள்ளைக்குப் பூசிய மஞ்சளில் மீதியைக் கொண்டுவந்து பெண்ணுக்குப் பூசவேண்டும். பிறகு அவள் குளித்து, புடவை மாற்றி, மண்டபத்துக்குக் கிளம்பவேண்டும். கீழே பாட்டும் சிரிப்புமாக அஸ்வினிக்கு நெற்றி முதல் பாதம் வரை பூசி முடித்துவிட்டு, ஒரு பெண் குளியலறைக் குழாயைத் திருகினாள். குழாய் இருமியது. அதோடு சரி.

"தண்ணீரைத் திறங்கோ!" என்று காகாவின் குரல் படிக்கட்டில் ஏறியது.

நான் மாடியில் தயாராக நின்றேன். லிமயே வீடு உ. யோசனை சொல்கிறவர், உபதேசம், உ. திறந்தேன். கீழே தரைத்தளத்தில் யார் வீட்டிலோ தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டது. தண்ணீர் இல்லையென்றால் நம் மக்கள் குழாயைத் திறந்தே வைத்துவிட்டு, வரட்டும் என்று காத்திருப்பார்கள். பன்னிரண்டு வீட்டிலும் அப்படித்தான். தவறாகத் திறக்கும் ஒவ்வொரு வால்வும் அந்த வீட்டு வாளிக்கு அபிஷேகம். பாய்ந்துபோய் மூடினேன். உ இல்லையென்றால் இ. திறந்தேன். இப்போது இரண்டாம் மாடியில் ஒரே ஆரவாரம், "ஆலம், ஆலம்!" வந்துவிட்டதாம். மூடினேன். தொட்டியை எட்டிப் பார்த்தேன். முழங்கால் கணுக்காலாகியிருந்தது.

பக்கத்துக் கட்டடத்தில் நாலு வாளி கேட்கலாம் என்றாள், காகாவோடு மாடிக்கு வந்த அவர் மனைவி லிமயே காகி. கணபதி விழா ஒலிபெருக்கிச் சண்டைக்குப் பிறகு அந்தக் கட்டடத்தோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. "சம்பந்தி வீட்டார் பார்க்க, அவன் வாசலில் நான் வாளியோடு நிற்பதா?" என்று காகா கையை உதறினார். அவர் முகம் வேர்த்திருந்தது, பிப்ரவரிக் காலைக் குளிரில். என் தோளைத் தட்டிய கை அது.

அப்போதுதான் அஸ்வினியே மாடிப்படி ஏறி வந்தாள். வெறும் கால், பழைய சால்வை, மற்றதெல்லாம் மஞ்சள். காலைக் காற்றில் மஞ்சள் காய்ந்து, முகம் களிமண்ணில் செய்ததுபோல் இறுகியிருந்தது. படியெல்லாம் மஞ்சள் பாதங்கள். உதட்டை அசைக்காமல் என்னிடம் பேசினாள். "காகா, இது காயுது. சிரிக்க முடியலே, அழவும் முடியலே. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

"செல்வி!" என்று அலறினேன். "என் நோட்டு!"

செல்வி நோட்டோடு வந்தாள். அவள் பின்னால் சொசைட்டியே வந்தது. சேர்மன் ஜகதாப், கேல்கர் அம்மாள், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். எல்லாருக்கும் முன்னால், புடவையைத் தூக்கிச் செருகியபடி மாப்பிள்ளையின் அத்தை சாந்தா. அறுபது வயதிருக்கும், கண்ணில் விடாத ஒரு சிரிப்பு.

பக்கத்தைப் புரட்டினேன். கண்டுகொண்டேன். "ஊ! லிமயே வீடு ஊ!" ஊவைப் பிடிக்கப் போனேன். ஜகதாப்பின் கை அதற்கு முன்பே சக்கரத்தின்மேல் இருந்தது.

"ரெண்டு தடவை இப்படித்தான் சொன்னீங்க. இருக்கிறதே ஒரு குளியலுக்கான தண்ணி. ஆதாரம் என்ன? படிங்க. சத்தமா."

"தமிழ்ல இருக்கு…"

"படிச்சு, அர்த்தம் சொல்லுங்க."

படித்தேன்.

*ஊஞ்சல் கிறீச்சிட ஊருக்கெல்லாம் யோசனை. ஒரு சொட்டு எண்ணெய்க்கு மட்டும் ஒழிவில்லை.*

பிறகு மராட்டியில் மொழிபெயர்த்தேன். "ஊஞ்சலில் அமர்ந்து ஊருக்கு வழிகாட்டும் பெரியவர்… விளக்குக்கு எண்ணெய்போல… ஒளி தருபவர்."

"இன்னா ஸார்," என்றது ஒரு குரல். தமிழ். "வெளக்கு எங்கேர்ந்து வந்துது? நீ படிச்சதுல வெளக்கே இல்லியே?"

சாந்தா அத்தை.

நோட்டைப் பாதி மூடிவிட்டேன். "உங்களுக்கு… தமிழ்…?"

"பேக்டரி குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளந்தவ நானு. நாலு பக்கமும் உங்க ஜனம்தான். எனக்கு மராட்டி வர்றதுக்கு மின்னாடி தமிழ்தான் வந்துது. எங்க, இன்னொரு தபா படி."

படித்தேன். அவள் மராட்டியில், ஒரு சொல்லைக்கூட விடாமல், எண்ணெயைக்கூடச் சிந்தாமல் சொன்னாள். ஊஞ்சல், கிறீச், ஊருக்கெல்லாம் யோசனை, எண்ணெய் விட நேரமில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் லிமயே காகாவைப் பார்த்தார்கள். காகா என்னைப் பார்த்தார். பதினைந்து வருடமாகத் தன் வீட்டுச் சர்க்கரையை எங்கள் வீட்டுக்கும் தந்தவர். அவருடைய சம்பந்தி வீட்டார் நடுவில் அவரை நிற்கவைத்துவிட்டேன். ஆயுள் முழுக்கக் கவிதை எழுதமாட்டேன் என்று அந்த நொடியில் ஆண்டவனிடம் சத்தியம் செய்தேன். (அது பதினொரு நாள் நிலைத்தது.)

காகா தொண்டையைச் செருமினார். ஜகதாப்பிடம் சொன்னார். "என் வீடுதான். வேற யார் வீட்டு ஊஞ்சல் இப்படிக் கத்துது? எழுதினது சரி. திறங்க."

ஜகதாப் கையை எடுத்தார். நான் திருகினேன். முந்தின நாள் நானே இறுக்கி மூடியது, சக்கரம் நகரவில்லை. அஸ்வினி வந்து மஞ்சள் கையை என் கைமேல் வைத்து அழுத்தினாள். சக்கரம் முனகிச் சுழன்றது. குழாய்க்குள் ஓர் ஓட்டம் கேட்டது, இரும்புக்குள் யாரோ படியிறங்கி ஓடுவதுபோல. கீழிருந்து காகியின் குரல் வந்தது. "ஆலம்! பாணி ஆலம்!"

அஸ்வினி சிரித்தாள். சிரிக்கவும் கன்னத்தில் மஞ்சள் பொறுபொறுவென்று வெடித்து உதிர்ந்தது. "பாபா, எண்ணெய் இல்லையாம்!" என்று சொல்லிக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

இதோடு முடிந்திருக்கவேண்டும். நான் நோட்டை மூடினேன். யாரும் நகரவில்லை.

"எங்க வீட்டுக்கு என்ன எழுதியிருக்கு?" என்றார் ஜகதாப்.

"நேரமாச்சு, கல்யாணம்…"

"அவ குளிச்சு வர நேரம் இருக்கு. படி, படி," என்றாள் சாந்தா அத்தை. தொட்டியின் திட்டில் வசதியாக உட்கார்ந்தேவிட்டாள்.

படித்தேன். *உத்தரவு போட ஓர் ஆள். உதவிக்கு வர ஓர் ஆளுமில்லை.* ஜகதாப் மீசையைத் தடவினார். கேல்கர் அம்மாளுக்கு: *ஐயோ, ஆரம்பித்துவிட்டாள்.* அவ்வளவுதான் அந்த வரி. அத்தை மொழிபெயர்த்ததும் கேல்கர் அம்மாள் தவிர எல்லாரும் இருமினார்கள். மும்பைக்காரர் பூட்டிவைத்திருக்கும் வீட்டுக்கு: *ஔ என்பதற்குச் சொல்லும் இல்லை, ஆளும் இல்லை.* "அவரு இல்லாதப்பவா திட்டறது?" என்று ஒருவர் வருத்தப்பட்டார். இன்னொருவர் வீட்டுக்கு வெறும், *ஒன்றும் சொல்வதற்கில்லை.* அவர் கொதித்துப்போனார். "எல்லாருக்கும் ஏதோ இருக்கு, எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்லையா?"

கடைசியில் செல்வியே கேட்டாள், அதுவும் மராட்டியில், எல்லாருக்கும் கேட்கும்படி. "நம்ம வீட்டுக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

அதை மட்டும் நான் படிக்கவில்லை. அத்தை நோட்டைப் பிடுங்கிச் செல்வியிடம் கொடுத்தாள். பேசத்தான் தெரியுமாம், படிக்கத் தெரியாதாம். செல்வி உரக்கப் படித்தாள்.

*அறிவும் அடக்கமும் அருகருகே வாழும் இல்லம்.*

அத்தை மொழிபெயர்த்தபோது எழுந்த சிரிப்பில் பக்கத்துக் கட்டடத்து ஜன்னல்கள் திறந்தன. "அறிவு இங்க நிக்குது," என்று அத்தை செல்வியைக் காட்டினாள். "அடக்கம் எங்க போச்சு, தண்ணி எடுக்கவா?"

கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. மண்டபத்தில் நான் கடைசி வரிசைக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அட்சதை போடக் கூட்டத்தோடு எழுந்தபோதும் காகாவின் கண்ணில் படாமல் போட்டேன். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பிக் கதவைத் திறக்கும்போது எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. லிமயே காகா ஸ்டூல்மேல் ஏறி நின்று, தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியால் ஊஞ்சல் கொக்கிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இறங்கி உட்கார்ந்தார். ஆடினார். சத்தமே இல்லை. மகள் இல்லாத கூடத்தில், சத்தமில்லாத ஊஞ்சலில், கல்யாண வேட்டியோடு அவர் போய்ப் போய் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. கவிதை மட்டும் எப்படி வந்ததோ.

ஒரு மாதம் எதிர்வீட்டிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மத்தியானம், எதிர்வீட்டிலிருந்து மெல்ல ஒரு 'கிறீச்'. எட்டிப் பார்த்தேன். காகா ஆடிக்கொண்டிருந்தார். துணியால் எண்ணெயை வழித்துத் துடைத்துவிட்டாராம்.

"வீடு செத்துப்போன மாதிரி இருந்துது," என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "உங்க வரியும் பொய்யாயிடுமே," என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சொசைட்டியில் இரும்புக் குழாய்களைப் பிடுங்கிவிட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். துரு இல்லை, பாட்டும் இல்லை. பாண்டு ஒழுங்காக ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டார். யாரும் அதைச் சொல்வதில்லை. "ஐ வீட்டுல ஒழுகுது" என்பார் ஜகதாப். "ஔவை மூடியாச்சா?" என்று கேட்பார் கேல்கர் அம்மாள். தமிழில் வேறு ஒரு சொல்லும் தெரியாத பதினொரு குடும்பங்கள், தங்கள் எழுத்தைச் சரியாக உச்சரிக்கின்றன. பழைய ஊ சக்கரத்தை அஸ்வினி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஹிஞ்சேவாடியில் அவள் வீட்டுக் கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சிவப்பு எழுத்தின் ஓரத்தில் இன்னும் லேசாக மஞ்சள்.

வீட்டில் குழாய் இருமினால் செல்வி நோட்டைத்தான் தேடுகிறாள். நான் பேனாவை எடுத்தாலோ, "ஏங்க, வால்வை மூடிட்டு எழுதுங்க" என்கிறாள்.

ஒவ்வொரு கல்யாண நாளன்றும் அஸ்வினி அப்பாவுக்குப் போன் செய்கிறாள். அவர் 'ஹலோ' சொல்வதற்கு முன்பே ஊஞ்சல் சொல்லிவிடுமாம். அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருப்பாளாம். பிறகுதான் பேசுவாளாம். "பாபா, ஊவில் தண்ணி வருதா?"